காருக்குள் காற்று நின்றால்...

டிசம்பர் மாதத்து விடியற்காலை. விடுமுறைக்காக உதகைக்கு வந்திருந்த நீங்கள் சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, குடும்பத்தாருடன் காரில் ஏறி மலையிறங்கத் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரில் அக்காலத்தில் புல்வெளிகளின் மீது உறைபனி படிவதுண்டு. பின்னிருக்கையில் உம்மாவும் பிள்ளைகளும் போர்வைக்குள் முடங்கியிருக்கிறார்கள். கண்ணாடிகள் யாவும் ஏற்றி மூடப்பட்டுள்ளன. நீங்கள் ஹீட்டரின் குமிழைத் திருப்புகிறீர்கள். வழக்கமாக எழும் 'உஸ்' என்ற ஓசை எழவில்லை, காற்றும் வரவில்லை. இரண்டு வளைவுகளைக் கடப்பதற்குள் ஐந்து பேர் விட்ட மூச்சின் ஈரம் முன் கண்ணாடியில் வெண்படலமாகப் படிந்துவிடுகிறது. எதிரே வரும் லாரியின் விளக்கு மங்கிய ஒரு வட்டமாக மட்டுமே தெரிகிறது.

குளிரையாவது போர்வையால் பொறுத்துக்கொள்ளலாம். பார்வை மறைந்த பின் மலைப்பாதையில் ஒரு முழம்கூட நகர இயலாது. எனவே காரணத்தை ஆராய்வதற்கு முன்னர், அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அகலமான இடம் பார்த்து வண்டியை ஓரங்கட்டுங்கள். எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். முன்னும் பின்னும் உள்ள கண்ணாடிகளை இரண்டு விரற்கடை அளவு இறக்கிவிடுங்கள். உள்ளே தேங்கிய ஈரம் வெளியேறும். உலர்ந்த துணியால் கண்ணாடியைத் துடைத்து, மீண்டும் படலம் படியவில்லை என்பதைக் கண்ட பின்னரே புறப்படுங்கள். உட்காற்றையே சுழலச் செய்யும் பொத்தான் போடப்பட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். விசிறி நின்றுபோனாலும், ஓடும் வண்டியின் வேகத்தால் காற்றுத் துளைகள் வழியே ஓரளவு காற்று உள்ளே வரும். அதுவும் உதவியே.

இனி, அந்த விசிறி யாது, அது ஏன் நின்றது என்பதைப் பார்ப்போம்.

காரின் ஹீட்டர் வீட்டிலுள்ள மின் அடுப்பைப் போன்றதன்று. பெட்ரோல், டீசல் கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் நீர், ஏறத்தாழ 90 பாகை வெப்பத்தை அடைகிறது. மெக்கானிக்குகள் கூலண்ட் என்று கூறுவது இதனைத்தான். அந்நீரின் ஒரு பகுதி டாஷ்போர்டுக்குள் அமைந்த கையகல ரேடியேட்டர் ஒன்றின் வழியே செல்கிறது. அதன் மீது காற்றை வீசினால் சூடான காற்று நம்மை அடைகிறது. வீணே வெளியேற இருந்த வெப்பமே நமக்குப் பயன்படுகிறது எனலாம். காற்றை வீசும் வேலையைச் செய்வதே புளோயர் எனப்படும் ஊதுவிசிறி. பெரும்பாலான கார்களில் ஓட்டுநருக்கு அருகில் அமர்பவரின் முழங்காலுக்கு எதிரே, குளோவ் பாக்ஸ் என்னும் சிறு பெட்டிக்குப் பின்னாலோ கீழேயோ அது இருக்கும். அணிலின் கூண்டைப் போன்ற உருளை வடிவச் சக்கரமும், அதனைச் சுழற்றும் 12 வோல்ட் மோட்டாரும் சேர்ந்ததே இவ்விசிறி.

"எங்கள் ஊர் மதுரை. ஹீட்டரை நாங்கள் தொட்டதே இல்லையே!" என்று சிலர் எண்ணக்கூடும். ஏ.சி.யின் குளிர்ந்த காற்றை வீசுவதும் இதே விசிறிதான். ஒரே பெட்டிக்குள் சூட்டுக்கு ஒரு ரேடியேட்டரும் குளிர்ச்சிக்கு ஒரு சுருளும் இருக்க, காற்று வருவது ஒரே இடத்திலிருந்துதான். உதகையில் ஹீட்டரை நிறுத்திய பழுது, சமவெளியில் ஏ.சி.யை நிறுத்திவிடும். ஆகவே இக்கட்டுரை இரு சாராருக்கும் உரியது.

பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றால் பலரும் கேட்கும் முதல் வாசகம், "மோட்டாரே போயிடுச்சு பாய், புதுசு போட்டுடலாம்" என்பதுதான். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆயினும் இவ்விசிறி நிற்பதற்கான காரணங்களுள் மோட்டார் ஒன்று மட்டுமே. பிறவற்றைச் சோதியாமல் மோட்டாரை மாற்றுவது, காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் கத்தியை எடுப்பதற்கு ஒப்பானது. இதை எழுதுபவன் மின்னியல் கற்றவன் அல்லன். கல்லூரியில் படித்தது கலைப்பாடம். எனக்கு விளங்கிய ஒன்று உங்களுக்கு விளங்காதிருக்க வழியில்லை.

காது கொடுத்துக் கேளுங்கள்

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது ஒன்று உண்டு. விசிறி சுழலவில்லையா, அல்லது சுழன்றும் சூடு வரவில்லையா? இவ்விரண்டும் வேறு வேறு நோய்கள். ஓசை கேட்கிறது, காற்றும் வருகிறது, ஆனால் அது சூடாக இல்லை என்றால், விசிறியின் மீது குற்றமில்லை. கூலண்ட் குறைந்திருக்கலாம், சிறு ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், எஞ்சினின் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கலாம். அது வேறு கட்டுரைக்குரிய செய்தி.

வெப்பத்தைத் தானே சீர்செய்துகொள்ளும் வகைக் கார்கள் சிலவற்றில், எஞ்சின் சூடேறும் வரை விசிறி வேண்டுமென்றே அடங்கியிருக்கும். குளிர்ந்த காற்றை முகத்தில் வீசாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. புதிதாக அத்தகைய கார் வாங்கியவர்கள் பழுது என்று அஞ்சுவதற்கு முன் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நலம்.

விசிறி உண்மையிலேயே சுழலவில்லை எனில், குமிழை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொரு நிலையிலும் வைத்துப் பாருங்கள். கருவி ஏதுமின்றிச் செய்யத்தக்க இந்தச் சோதனையைப் போல் பயன் தருவது வேறில்லை. முதல் மூன்று நிலைகளில் அசைவற்றுக் கிடந்த விசிறி, நான்காம் நிலையில் மட்டும் முழு வேகத்தில் சுழல்கிறதா? அப்படியானால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. பழுது, ரெசிஸ்டர் என்னும் சிறிய உறுப்பில் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

அது எவ்வாறு? மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைத் தடுத்துக் குறைத்தால் வேகம் குறையும். அந்தத் தடையை உண்டாக்கும் கம்பிச் சுருள்களே ரெசிஸ்டர். முதல் நிலையில் மின்சாரம் எல்லாச் சுருள்களையும் கடந்து செல்கிறது. அடுத்தடுத்த நிலைகளில் சுருள்கள் குறைகின்றன. கடைசி நிலையில் அது ரெசிஸ்டரைத் தொடாமலே நேராக மோட்டாரை அடைகிறது. ஆகவே ரெசிஸ்டர் செயலிழந்த பின்னும் கடைசி வேகம் மட்டும் உயிரோடிருக்கும். ரெசிஸ்டரின் விலை மோட்டாரின் விலையை நோக்கப் பெரிதும் குறைவு. "கடைசி வேகம் மட்டும் வேலை செய்கிறது" என்ற ஒரு சொற்றொடரை நீங்கள் கடையில் சொல்லத் தெரிந்திருந்தால், வீண் செலவு ஒன்று தவிர்ந்துவிடும். இதற்கு மாறாக, மற்றவை யாவும் இயங்கிக் கடைசி வேகம் மட்டும் இல்லையென்றால் சுவிட்சையோ, அந்த வேகத்திற்கென ரிலே இருப்பின் அதனையோ ஐயுற வேண்டும். தானியங்கி வகைக் கார்களில் சுருள்களுக்குப் பதிலாக மின்னணுப் பொருள் ஒன்று வேகத்தை ஆள்கிறது. அவற்றிற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

எந்த நிலையிலும் ஓசை இல்லையா? குளோவ் பாக்ஸின் கீழ்ப்புறத்தைக் கை முட்டியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். உடனே சுழன்றால், அல்லது சாலையில் வண்டி குலுங்கும்போது மட்டும் உயிர்பெற்றால், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கனெக்டர் தளர்ந்திருந்தாலும் இவ்வாறு நேரும். தட்டியதும் ஓடியது என்று மகிழ்ந்து விட்டுவிட வேண்டாம். அதன் ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கிறது. கிறீச்சிடும் ஓசை எழுமாயின் தாங்கியில் தேய்மானம். 'படபட'வென்று அடித்தால் மரத்தடியில் நிறுத்திய வண்டிக்குள் சருகு புகுந்திருக்கும். எலி கூடு கட்டியிருப்பதும் அரிதன்று.

அடுத்தது ஃபியூஸ்

ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எது எதற்குரியது என்று படம் போட்டிருப்பார்கள். புளோயருக்குரியதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவிலுள்ள உலோக இழை அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். தகட்டு ஃபியூஸ்களுக்கு நிறமே அளவைச் சொல்லும்: நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20, பச்சை 30. அறுந்ததற்கு அதே நிறத்து ஃபியூஸைப் போடுங்கள். அது நிலைத்தால் நல்லது. அதுவும் உடனே அறுந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மோட்டார் இறுகிக் கூடுதல் மின்சாரத்தை இழுக்கிறது, அல்லது எங்கோ ஒயர் தேய்ந்து உடலைத் தொடுகிறது என்பதன் அடையாளம் அது. அந்நிலையில் பெரிய ஆம்பியர் ஃபியூஸைச் செருகுவதும், சிகரெட் பெட்டியின் தகட்டுத் தாளைச் சுற்றி வைப்பதும், செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவதும் நம்மிடையே காணும் வழக்கங்கள். ஃபியூஸ் அறுவது பழுதன்று. பழுது பரவாமல் காப்பது. காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு உறங்கலாமா?

இவ்வாறு சொல்வது மிகைப்பட்ட அச்சம் என்று கருதுவோருக்கு, இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. இந்தச் சின்னஞ்சிறு ரெசிஸ்டர் அந்நாட்டுப் பாராளுமன்றம் வரை சென்ற கதை அது.

வாக்ஸ்ஹால் என்பது இங்கிலாந்தின் பழைய கார் நிறுவனம். நம் நாட்டில் ஒரு காலத்தில் விற்பனையான ஓப்பல் கார்களுக்கு உறவு. அதன் ஜஃபீரா என்னும் கார் ஏழு பேர் அமரத்தக்கது. ஆகவே பிள்ளைகள் நிறைந்த குடும்பங்கள் விரும்பி வாங்கின. 2005 முதல் 2014 வரை விற்பனையான ஜஃபீரா-பி என்னும் வகைக் கார்களுள் பல, டாஷ்போர்டின் பகுதியிலிருந்து தீப்பற்றி எரிந்தன. 2015-ஆம் ஆண்டில் செய்தி ஊடகங்கள் அதனை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தன. ஆராய்ந்து பார்த்தபோது, தீயின் தோற்றுவாய் ஹீட்டர் விசிறியின் ரெசிஸ்டரைச் சார்ந்த பகுதி என்று தெரிய வந்தது. தானியங்கி வகையல்லாத, குமிழைத் திருப்பி வேகத்தை மாற்றும் அமைப்புடைய கார்களிலேயே இது நேர்ந்தது.

சுருள்கள் மின்சாரத்தைத் தடுக்கும்போது சூடேறுவது இயல்பு. அந்தச் சூட்டைத் தணிக்கவே ரெசிஸ்டரை விசிறியின் காற்று படும் இடத்தில் பொருத்துகிறார்கள். விசிறி நன்றாகச் சுழலும் வரை ரெசிஸ்டர் குளிர்ச்சியாகவே இருக்கும். விசிறி இறுகி நின்றால் காற்றும் நின்றுபோகிறது. அதே வேளையில் திணறும் மோட்டார் கூடுதலான மின்சாரத்தை இழுக்கிறது. சூடு ஏறுகிறது, தணிக்கக் காற்றில்லை. இத்தகைய வேளைக்கென்றே அதில் தெர்மல் ஃபியூஸ் என்னும் ஒரு காப்பு வைக்கப்பட்டுள்ளது. அளவு மீறிச் சூடேறினால் அது அறுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். விசிறி அத்துடன் நின்றுவிடும், வண்டிக்குச் சேதமில்லை.

காப்பு அறுந்ததும் ஹீட்டர் வேலை செய்வதில்லை. புதிய ரெசிஸ்டரை வாங்காமல், அறுந்த தெர்மல் ஃபியூஸை ஈயப்பற்று வைத்து ஒட்டிவிட்டால் விசிறி மீண்டும் சுழலும். முறையற்ற இத்தகைய பழுதுபார்ப்பே தீக்குக் காரணம் என்று அந்நிறுவனம் கூறியது. ஒட்டிய பின் அந்தக் காப்பு அறுய வேண்டிய நேரத்தில் அறுவதில்லை என்பது உண்மையே. 2015 டிசம்பரில், சுமார் 2,35,000 கார்களைத் திரும்ப அழைத்து, அந்த உறுப்பை மாற்றித் தரும் பணி தொடங்கியது.

கதை அத்துடன் முடியவில்லை. மாற்றிக் கொடுத்த கார்களும் சில தீப்பற்றின. ஈரம் புகுந்து விசிறியின் மோட்டார் துருப்பிடித்து இறுகக்கூடும் என்பது அப்போது கவனத்துக்கு வந்தது. 2016-இல் இரண்டாம் முறையாகக் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பாராளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு அதே ஆண்டில் நிறுவனத்தாரை அழைத்து விசாரித்தது. 2017-இல் வெளியிட்ட அறிக்கையில், முழுமையான விசாரணையைத் தாமதமாகத் தொடங்கியதற்காகவும், அபாயம் அறிந்த பின்னரும் மக்களை அக்கார்களை ஓட்டவிட்டதற்காகவும் நிறுவனத்தைக் கடிந்துகொண்டது. ஒட்டு வேலை செய்தவர் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதே என் கருத்தும். ஆயினும் நம் கையில் உள்ளதை நாம் செய்ய வேண்டுமல்லவா?

ரெசிஸ்டர் எரிந்துபோனால் அதை மாற்றுவதோடு நின்றுவிடலாகாது. "இது ஏன் எரிந்தது?" என்று கேட்க வேண்டும். மோட்டார் இறுகியிருப்பதால் எரிந்திருந்தால், புதிய ரெசிஸ்டரும் சில வாரங்களில் அதே வழியே போகும். "இந்த வருஷம் மூணாவது ரெசிஸ்டர்" என்று சலித்துக்கொள்பவர்களின் வண்டியில் குற்றவாளி பெரும்பாலும் மோட்டாராகவே இருக்கும். ரெசிஸ்டரின் கனெக்டர் உருகிக் கறுத்திருப்பதும் இதற்குச் சான்று. அவ்வாறு கறுத்த கனெக்டரில் புதிய ரெசிஸ்டரைச் செருகுவது பயனற்றது. கனெக்டரையும் ஒயரோடு மாற்ற வேண்டும். காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் தூசியால் அடைந்திருந்தாலும் ரெசிஸ்டருக்குப் போதிய காற்றுக் கிட்டாது. அந்த ஃபில்டர் தன் வண்டியில் இருப்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு.

விளக்கு ஒன்று போதும்

குமிழின் எல்லா நிலைகளிலும் விசிறி நின்றுவிட்டது, ஃபியூஸும் நன்றாக இருக்கிறது என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் செல்ல வேண்டியதுதான். ஆயினும் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. இரண்டு ஒயர்கள் பிணைத்த 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் ஒன்றே இதற்குப் போதுமானது. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. சாவியைத் திருப்பி, குமிழைக் கடைசி வேகத்தில் வைத்து, மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கிடையே விளக்கைப் பிடிக்க வேண்டும். விளக்கு பளிச்சென்று எரிந்தால், மின்சாரம் மோட்டாரின் வாசல் வரை வந்துவிட்டது; சுழலாத குற்றம் மோட்டாருடையது. அப்போது புதிய மோட்டாருக்கு மறுப்பின்றிப் பணம் கொடுக்கலாம். எரியவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றவே வேண்டாம். ரிலே, சுவிட்ச், ஒயர் என்று பின்னோக்கித் தேடிச் செல்ல வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரு முனைகளுக்கிடையே எரியாத விளக்கு, ஒரு முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே பிடித்தால் எரியக்கூடும். வரும் வழி சரியாக இருக்கிறது, திரும்பிச் செல்லும் எர்த் வழிதான் அறுந்திருக்கிறது என்பது அதன் பொருள். சில கார்களில் சுவிட்சும் ரெசிஸ்டரும் அந்த எர்த் வழியிலேயே அமைந்திருக்கும். இதை அறியாமல் மோட்டாரில் ஒரு முனையை மட்டும் தொட்டுப் பார்த்து, "கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு" என்று தீர்ப்புக் கூறுபவர்கள் இருக்கிறார்கள். இரு முனைகளுக்கிடையேயும் சோதித்தாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

நீங்களே குனிந்து பார்ப்பதாயின் முதலில் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒயர்களையும் கனெக்டர்களையும் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளோவ் பாக்ஸின் அருகிலேயே ஏர்பேக் இருக்கக்கூடும். அதன் மஞ்சள் நிறக் கனெக்டர்களில் கை வைக்கவே கூடாது. மின்சாரக் கார்களிலும் ஹைப்ரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற ஒயர்களில் பாய்வது உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம்.

விசிறி நின்ற நிலையில் சமவெளியில் ஓட்ட நேர்ந்தால் ஏ.சி. பொத்தானை அணைத்துவிடுங்கள். காற்றின்றிக் குளிரும் சுருளின் மீது பனிக்கட்டி படிந்துவிடும்; பயனேதும் இல்லை. இங்கிலாந்திலோ கனடாவிலோ இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: பனி உறைந்த முன் கண்ணாடியின் மீது கொதிநீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். விசிறியில்லாத காரில் சுரண்டியும் துடைத்தும் கண்ணாடி முழுவதையும் தெளிவாக்கிய பின்னரே புறப்பட வேண்டும். இங்கிலாந்தின் சாலை விதியும் அதையே கட்டாயமாக்குகிறது.

பழுது நீங்கி வண்டி கைக்கு வந்ததும், கடையிலிருந்து கிளம்பும் முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். குமிழை ஒவ்வொரு நிலையிலும் சில நிமிடங்கள் ஓடவிட்டு, மோட்டாரின் ஓசை சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் உருகிய சுவடோ, யாரோ முன்னர் வைத்த ஈயப்பற்றோ தென்பட்டால், உங்கள் வண்டியின் மோட்டாரைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கும்படி அவரிடமே சொல்லுங்கள். தடையின்றிச் சுற்றினால் நீங்கள் புறப்படலாம்.